ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? கேபிள் முதல் டிரைவர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிப்பட ஸ்டூடியோக்களுக்கும் சில சிறிய அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் வேலை. "டிஸ்க் காட்டவில்லை" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். அவர்களில் பலர் வருவதற்கு முன்பே ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்கள். கேபிள் பழுதாக இருந்த இடத்தில் படங்களை இழந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்துத்தான் இந்தப் பக்கத்தைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.

டிஸ்க்கில் விளக்கு எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

விளக்கு எரிவதற்கு மின்சாரம் மட்டும் போதும். யூஎஸ்பி 2.0 இணைப்பில் நான்கு தொடுமுனைகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. யூஎஸ்பி 3.0 வந்தபோது வேகத்துக்காக மேலும் ஐந்து சேர்ந்து ஒன்பது ஆயின. இவற்றில் மின்சாரம் போகும் வழி சரியாக இருந்து தகவல் போகும் வழி அறுந்திருந்தாலும் விளக்கு எரியும், டிஸ்க் சுழலும், கையில் வைத்தால் அதிர்வுகூடத் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுவும் தெரியாது. ஆகவே டிஸ்க் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

மூன்று காரியங்களை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வேறு போர்ட். பிறகு அதே போர்ட்டில் வேறு கேபிள். பிறகு வேறொரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி டிஸ்க் வந்துவிட்டால், எது பழுது என்று தெரியாமல் பழைய கேபிளை மறுபடியும் மேசை இழுப்பறையில் போட்டுவைப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அதே கேபிள் மறுபடியும் கைக்கு வரும்.

கேபிள் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கிறது. அது எப்படிக் கெட்டுப்போகும்?

கேபிள் வெளியே கெடுவதில்லை, கழுத்தில் கெடுகிறது. பிளாஸ்டிக் முனையிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தைத்தான் கழுத்து என்கிறேன். டிஸ்க்கைச் சுற்றிக் கேபிளை இறுக்கிக் கட்டிப் பைக்குள் திணிக்கிறவர்களின் கேபிள்கள் அங்கேதான் உள்ளுக்குள் அறுகின்றன. மேலுறையில் ஒரு கீறல்கூட இருக்காது. கேபிளைச் செருகிவிட்டுக் கழுத்தை மட்டும் இரண்டு விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் டிங், டிங் என்று வந்து வந்து போகும் ஓசை கொடுத்தால், குறை கழுத்தில் இருக்கிறது, அல்லது டிஸ்க்கின் போர்ட்டில் இருக்கிறது. முக்கியமான கோப்பு எதையும் நகலெடுக்காத நேரத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டாவது சாத்தியம், கேபிள் கெடவே இல்லை, அதன் பிறவியே வேறு. மொபைல் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். மலிவான சிலவற்றில் தகவல் கம்பியே இருக்காது, மின்சாரம் மட்டும் போகும். அந்தக் கேபிளில் போன் நன்றாகச் சார்ஜ் ஆவதைப் பார்த்துவிட்டு, "இது நல்ல கேபிள்தான்" என்று உறுதியாகச் சொல்வார்கள். டிஸ்க்குடன் பெட்டியில் வந்த கேபிளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதை அந்த டிஸ்க்குக்கு மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது.

எந்த போர்ட்டில் செருகினால் என்ன? எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரவேண்டும் என்பது விதி. யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு அது 900. கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் மிக அதிகமாக மின்சாரம் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் சுழல முயன்று, நின்று, மறுபடியும் முயலும். சில டிஸ்க்குகள் மெல்லிய பீப் போன்ற ஓசை எழுப்பும். தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் டிஸ்க்கையும் கீபோர்டையும் கார்டு ரீடரையும் சேர்த்துச் செருகினால் ஒரு போர்ட்டின் மின்சாரத்தை மூவரும் பங்குபோட வேண்டியிருக்கும்.

மேசைக் கம்ப்யூட்டரில் பின்பக்க போர்ட்டையே பயன்படுத்துங்கள். அது மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டது. முன்பக்க போர்ட் பெட்டிக்குள் இன்னொரு கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. அந்தக் கேபிளும் தளரலாம். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி மட்டும் அதற்குப் போதாது. அதன் அடாப்டர் தளர்ந்துபோனாலும் டிஸ்க் மறையும்.

டிரைவர் இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்கிறார்கள். எந்தத் தளத்தில் டவுன்லோட் செய்வது?

எந்தத் தளத்திலும் வேண்டாம். டிரைவ் வேறு, டிரைவர் வேறு. டிரைவ் உங்கள் கையில் இருக்கும் பொருள். டிரைவர் என்பது அந்தப் பொருளோடு விண்டோஸ் பேசுவதற்கான சிறு மென்பொருள். யூஎஸ்பி டிஸ்க், பென் டிரைவ், சாட்டா டிஸ்க் (பெட்டிக்குள் சாட்டா கேபிளில் இணைவது), என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சிப் டிஸ்க்) ஆகிய எல்லாவற்றுக்குமான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. "உங்கள் டிரைவர்களைப் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை இந்த வேலைக்கு நிறுவவே வேண்டாம். அவை கொண்டுவரும் தொல்லைகளைச் சுத்தம் செய்வது டிஸ்க் பழுதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

வெளியிலிருந்து டிரைவர் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்செட்டுக்கான டிரைவர். அதை மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மற்றொன்று விண்டோஸை நிறுவும் நேரத்தில் வருவது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டுகிறது. கோட் 43 என்று இருக்கிறது. என்ன செய்ய?

"இந்தச் சாதனம் ஏதோ குறை சொல்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பதே கோட் 43க்குப் பொருள். குறை டிரைவரிலும் இருக்கலாம், கேபிளிலும் இருக்கலாம், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டிலும் இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன மூன்று மாற்றங்களையும் செய்துவிட்டு வாருங்கள். வேறு கம்ப்யூட்டரில் டிஸ்க் நன்றாகத் தெரிகிறது என்றால் மட்டுமே டிரைவர் பக்கம் போக வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். முக்கோணம் உள்ள வரியிலும், டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியில் மங்கலாகத் தெரியும் உங்கள் டிஸ்க்கின் பழைய பதிவிலும் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். இதனால் டிஸ்க்கில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் அந்தச் சாதனத்தைப் பற்றி வைத்திருந்த குறிப்புதான் போகிறது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் செருகுங்கள். ஷட்டவுன் செய்து மீண்டும் இயக்குவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் ஷட்டவுன் செய்தாலும் கெர்னல் என்ற தன் மையப் பகுதியையும் டிரைவர்களையும் விண்டோஸ் அப்படியே சேமித்துவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகு எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லாக் கேபிளிலும் கோட் 43தான் என்றால் டிரைவரோடு போராடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குறை டிஸ்க்கை அடைத்திருக்கும் வெளிப்பெட்டியான கேஸிங்கிலோ, உள்ளே இருக்கும் டிஸ்க்கிலோ இருக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் பெயர் வருகிறது, முக்கோணமும் இல்லை. ஆனால் திஸ் பிசியில் டிரைவ் இல்லையே?

நல்ல செய்தி. கேபிளும் டிரைவரும் வேலை செய்கின்றன. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து கீழ்ப்பாதியைப் பாருங்கள். உங்கள் டிஸ்க் நீல நிறப் பட்டையோடு, சரியான அளவோடு இருந்து, பக்கத்தில் டிரைவ் எழுத்து மட்டும் இல்லாவிட்டால், வலது கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுங்கள். வேலை முடிந்தது. நெட்வொர்க் டிரைவும் கார்டு ரீடரும் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கும்.

கறுப்புப் பட்டையும் அன்அலொகேட்டட் (ஒதுக்கப்படாத இடம்) என்ற சொல்லும் இருந்தால், டிஸ்க் இன்றுதான் கடையிலிருந்து வந்ததா, ஏற்கெனவே கோப்புகள் இருந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய டிஸ்க் என்றால் இனிஷியலைஸ் (விண்டோஸ் பயன்படுத்தும்படி தயார்) செய்து ஃபார்மட் செய்யலாம். டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறையையும் அங்கே கேட்கும்; 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஜிபிடி முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும், பழைய எம்பிஆர் முறையால் அதற்கு மேல் எட்ட முடியாது. கோப்புகள் இருந்த டிஸ்க் என்றால் இனிஷியலைஸ் பெட்டியை ரத்து செய்துவிட்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

"பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும்" என்று கேட்கிறது. ஓகே கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். "இதிலிருந்து படித்தது எனக்குப் புரியவில்லை" என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. புரியாததற்குக் காரணம் டிஸ்க்கின் பிரிவு (பார்ட்டிஷன்) பழுதானதாக இருக்கலாம். பாதி வழியில் தகவலைச் சிதைக்கும் கேபிளாகவும் இருக்கலாம்.

ஒரு ஸ்டூடியோவில் மூன்று திருமணங்களின் படங்கள் ஒரே டிஸ்க்கில் இருந்தன. இந்தக் கேள்வி திரையில் வந்ததும் அங்கிருந்த தம்பி ஓகே கொடுத்துவிட்டார். கேபிள் அறுந்திருந்ததால் அந்த ஃபார்மட்டே பாதியில் தோற்றது. பிறகு வேறு கேபிளில் மீண்டும் செய்து முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. விரைவு ஃபார்மட் என்பதால் மீட்பு மென்பொருளில் படங்கள் கிடைத்தன. கோப்புப் பெயர்களும் கோப்புறைகளும் மட்டும் போய்விட்டன. ஆயிரக்கணக்கான படங்களில் எது முகூர்த்தம், எது வரவேற்பு, எது யாருடைய வீடு என்று பிரிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. முதலிலேயே கேபிளை மாற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

விரைவு ஃபார்மட் இல்லாமல் முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் அந்தப் படங்களும் கிடைத்திருக்காது. விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடுகிறது. எஸ்எஸ்டியில் படங்களை இழக்க விரைவு ஃபார்மட்டே போதும், தேவையற்ற இடத்தை அழிக்கச் சொல்லும் டிரிம் கட்டளை உள்ளதை விடுவித்துவிட்டால் மீட்பது பெரும்பாலும் இயலாத காரியம். செக்டிஸ்க் கட்டளைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது டிஸ்க்கில் எழுதித் திருத்துகிற கருவி. பழுதான கேபிளில் அதை ஓட்டினால், தவறாகப் படித்ததை உண்மை என்று நம்பி நல்ல கோப்புகளையும் வெட்டிவிடும். முதலில் கேபிள், பிறகு கோப்புகளின் நகல், அதற்கும் பிறகுதான் செக்டிஸ்க்.

பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தானாகத் துண்டித்துக்கொள்கிறது. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் பொறுமை கேட்பது இதுதான், ஏனென்றால் காரணங்கள் நான்கைந்து. மின்சாரக் குறைவை மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது விண்டோஸின் சிக்கன நடவடிக்கை. சிறிது நேரம் வேலை இல்லாத யூஎஸ்பி போர்ட்டை அது உறங்கவைக்கும். சில டிஸ்க்குகளின் சர்க்யூட் அந்த உறக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரம் சேமிக்கக் கம்ப்யூட்டர் இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். சும்மா இருந்தபின் மறையும் டிஸ்க்குகள் இதில் குணமாகும். நகலெடுக்கும் நடுவில் மறையும் டிஸ்க் குணமாகாது. இந்த வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வேலையின் நடுவில் மறைவதற்குச் சூடு ஒரு காரணம். சின்னக் கேஸிங்கில் என்விஎம்இ எஸ்எஸ்டியைப் போட்டுத் தொடர்ந்து எழுதினால் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். கேஸிங்கோடு வரும் சூடு கடத்தும் பட்டையைச் சிலர் ஒட்டாமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை ஒட்டுங்கள்.

லினக்ஸில் இதே குறை வந்தால் யூஏஎஸ் என்ற வேகமான முறையை அந்தக் கேஸிங்கின் சிப் சரியாகக் கையாள்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சாதனத்தின் அடையாள எண்ணைக் கெர்னல் அளவுருவில் கொடுத்து, யூஏஎஸ் இல்லாமல் பழைய முறையில் பேசச் சொன்னால் வேகம் சற்றுக் குறையும், துண்டிப்பு நின்றுவிடும்.

இது கேபிளா, டிஸ்க்கா என்று ஊகிக்காமல் உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இல்லையா?

இருக்கிறது. டிஸ்க்கே தன் உடல்நிலையைக் குறித்துவைக்கிறது. அந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். நான்கு வரிகள் போதும். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், 198 திருத்த முடியாதவை. இந்த மூன்றில் எண்கள் ஏறினால் டிஸ்க்கின் தட்டே தேய்கிறது. 199 என்பது சிஆர்சி பிழை எண்ணிக்கை. டிஸ்க்கிலிருந்து கிளம்பிய தகவல் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது மாறியிருந்தால் இந்த எண் ஏறும். 5, 197, 198 மூன்றும் பூஜ்ஜியமாக இருந்து 199 மட்டும் ஏறினால், டிஸ்க் நன்றாக இருக்கிறது, வழியில்தான் குறை.

அந்த மென்பொருளில் எண்கள் இயல்பாகப் பதினாறடிமான முறையில் வரும். 10 என்று தெரிந்தால் அது 16. 199 என்ற வரியையே சி7 என்று பார்ப்பீர்கள், 5 என்பது 05, 197 என்பது சி5, 198 என்பது சி6. மதிப்புகளை மட்டும் வேண்டுமானால் அமைப்புகளில் தசம முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸும் தன் பங்குக்கு எழுதிவைக்கிறது. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியைத் திறங்கள். 129 என்றால் பதில் வராததால் சாதனத்தை ரீசெட் செய்தது, 153 என்றால் ஒரு வேலையை மறுபடியும் முயன்றது, 157 என்றால் டிஸ்க் எதிர்பாராமல் பிடுங்கப்பட்டது. 7 என்றால் பழுதான பகுதி. 7 வந்தால் உடனே நகலெடுக்கத் தொடங்குங்கள்.

கேபிளை மாற்றிவிட்டேன். ஆனாலும் அந்த 199ல் 340 என்றே நிற்கிறதே?

நிற்கத்தான் செய்யும். அது டிஸ்க்கின் வாழ்நாள் கணக்கு, பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணை எழுதிவையுங்கள். பெரிய கோப்புகளை நகலெடுத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 340லேயே நின்றால் பழைய கேபிள்தான் குற்றவாளி. 352 ஆகியிருந்தால் குறை வேறெங்கோ இன்னும் இருக்கிறது.

வெளி டிஸ்க் வைத்திருப்பவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. கேஸிங்குக்குள் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சிப் இருக்கிறது. 199 கணக்கிடுவது அந்தச் சிப்புக்கும் டிஸ்க்குக்கும் இடைப்பட்ட வழியை மட்டுமே. உங்கள் கையில் இருக்கும் யூஎஸ்பி கேபிள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த எண் அசையாது. ஆகவே வெளி டிஸ்க்கில் 199 பூஜ்ஜியம் என்பதை வைத்து யூஎஸ்பி கேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அங்கே ஈவென்ட் வியூவரும் வேறு கேபிளும்தான் சாட்சி.

சிபியு பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கின் கேபிளை நானே சரிபார்க்கலாமா?

தாராளமாக. மின்சாரத்தை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள் போகும். குறுகலான 7 தொடுமுனைக் கேபிள் தகவலுக்கு, அகலமான 15 தொடுமுனைக் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மின்சாரத்துக்கு. தகவல் கேபிளின் இரு முனையையும் கழற்றிச் செருகுங்கள். அதுவும் சரிவராவிட்டால் மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட், பிறகு வேறு கேபிள், பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் வேறொரு மின் இணைப்பு. மின் இணைப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே வரிசையில் நான்கு டிஸ்க்குகளைத் தொங்கவிட்டால் கடைசி டிஸ்க் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சாட்டா முனைகள் உறுதியானவை என்று எண்ண வேண்டாம். சாதாரண உள் இணைப்புகள் ஐம்பது முறை செருகிக் கழற்றுவதைத் தாங்கினால் போதும் என்ற அளவுகோலில் செய்யப்படுகின்றன. டைப்-சி முனைக்கு அந்த எண் பத்தாயிரம். ஆகவே தினமும் டிஸ்க் மாற்றுகிறவர்கள் சாட்டா கேபிளைத் தேய்பொருளாகவே கருத வேண்டும். உலோகக் கொக்கி உள்ள கேபிளை வாங்குங்கள், பெட்டியின் கதவு அழுத்தாத வகையில் வளையுங்கள். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் தொடுமுனைகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ படிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலர்ந்த பிறகு செருகுங்கள்.

6 ஜிகாபிட் சாட்டா கேபிள் என்று தனியாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒழுங்காகச் செய்யப்பட்ட பழைய 3 ஜிகாபிட் கேபிளிலேயே 6 ஜிகாபிட்டும் ஓடும்.

புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்டேன். பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது. எதைக் கெடுத்தேன்?

எதையும் கெடுக்கவில்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் சாட்டா போர்ட்டுகள் ஒன்றிரண்டும் ஒரே பாதையைப் பங்கிடுகின்றன. எம்.2வில் எஸ்எஸ்டி வந்தவுடன் அந்த போர்ட்டுகள் அணைந்துவிடும். எந்த எண் போர்ட் அணையும் என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். டிஸ்க்கின் கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டியை வெளிக் கேஸிங்கில் போட்டுத் தெரியவில்லை என்பவர்களும் உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதற்குள் சாட்டாவும் இருக்கலாம், என்விஎம்இயும் இருக்கலாம். முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஒன்றை மட்டும் ஏற்கும் கேஸிங்கில் மற்றதைப் போட்டால் எந்த டிரைவரும் உதவாது.

விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது. ஆனால் பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறதே?

இதுதான் நான் முன்பு சொன்ன இரண்டாவது இடம், உண்மையிலேயே டிரைவர் தேவைப்படும் இடம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கிறது. நிறுவும் பென் டிரைவில் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் எஸ்எஸ்டி கண்ணுக்குப் படாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து விரித்துப் பென் டிரைவில் போட்டு, லோட் டிரைவர் என்ற இணைப்பில் அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். எஸ்எஸ்டி வந்துவிடும்.

பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) விஎம்டியை அணைப்பதும் ஒரு வழி. வெற்று எஸ்எஸ்டி என்றால் அணைக்கலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் போகிறபோக்கில் அணைத்தால் அடுத்த முறை நீலத்திரைதான் வரும். அணைத்துவிட்டவர்கள் பதற வேண்டாம், மறுபடியும் இயக்கினால் பழையபடி வரும். பிட்லாக்கர் என்ற சங்கேதப் பூட்டு உள்ள லேப்டாப்பில் பயாஸைத் தொடுவதற்கு முன் அதன் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வேலை செய்கிறது, ஆனால் நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 35 மெகாபைட்டைத் தாண்டவில்லை. இதுவும் கேபிள் குறையா?

பெரும்பாலும் ஆம். யூஎஸ்பி 2.0 நடைமுறையில் தரும் வேகம் ஏறக்குறைய அதுதான். யூஎஸ்பி 3.0 டிஸ்க் அந்த வேகத்தில் ஓடினால் கூடுதல் ஐந்து தொடுமுனைகள் சேரவில்லை என்று பொருள். சாதாரண யூஎஸ்பி முனையில் அந்த ஐந்தும் உட்பக்கத்தில் இருப்பதால், மிக மெதுவாகச் செருகினால் முன்னால் இருக்கும் நான்கு மட்டும் முதலில் தொட்டு 2.0 ஆகவே பதிவாகிவிடும். கழற்றி, தயங்காமல் ஒரே அழுத்தில் செருகுங்கள். சரியாகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

டிஸ்க்கைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறது என்பவர்களுக்கும் இதே திசையில் பதில். யூஎஸ்பி 3.0 கேபிளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. உலோக உறை சரியில்லாத கேபிளில் தொல்லை அதிகம். மவுஸ் ரிசீவரை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள்.

கேஸிங்தான் பழுது என்கிறீர்கள். பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேராக மதர்போர்டில் மாட்டலாமா?

சில டிஸ்க்குகளில் மாட்டலாம். அதற்கு முன் மூன்று தடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் சாட்டா முனையே கிடையாது, யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் பலவற்றில் பலகையில் உள்ள சிப்பே தகவலைச் சங்கேதமாக்குகிறது. நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் அந்தச் சிப் இல்லாமல் கோப்புகள் வாசிக்கக் கிடைக்காது. வேறு சில கேஸிங்குகள் 512 பைட் பகுதிகளை 4096 பைட்டாக மொழிபெயர்த்துக் காட்டும். நேராக மாட்டினால் நல்ல டிஸ்க்கும் ரா (விண்டோஸுக்குப் புரியாத டிஸ்க்) என்று தெரிந்து ஃபார்மட் கேட்கும். அப்போது என்ன செய்யக் கூடாது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

3.5 அங்குல டிஸ்க்கை வெளியே எடுத்து மாட்டினால் சுழலவே மறுப்பதும் உண்டு. புதிய சாட்டா விதிப்படி மின் இணைப்பின் மூன்றாவது தொடுமுனையில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்கள் அங்கே எப்போதும் 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தத் தொடுமுனையை மட்டும் சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத கேப்டான் (Kapton) டேப்பால் மூடினால் டிஸ்க் சுழலும். எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நான்கு முனை இணைப்பைச் சாட்டா மின் இணைப்பாக மாற்றும், 3.3 வோல்ட் கம்பியே இல்லாத மோலெக்ஸ் மாற்றியையும் போடலாம். ஆனால் வார்ப்புப் பிளாஸ்டிக்கில் அடைத்த மலிவான மோலெக்ஸ் மாற்றிகள் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கவ்வப்பட்ட வகையை மட்டும் வாங்குங்கள்.

டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீராகச் சத்தம் வருகிறது. கேபிளை மாற்றிப் பார்க்கவா?

ஒரே ஒரு முறை, மின்சாரம் போதுமான பின்பக்க போர்ட்டில், நல்ல கேபிளில் பாருங்கள். மின்சாரக் குறைவாலும் அந்தச் சத்தம் வருவதுண்டு என்பதால் இந்த ஒரு சோதனைக்கு நியாயம் இருக்கிறது. சத்தம் தொடர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே படிக்கும் தலை தன் இடத்தைக் காணாமல் மீண்டும் மீண்டும் போய் மோதுகிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டில் கீறல் விழக்கூடும். ஃபிரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, திருகைக் கழற்றி உள்ளே பார்ப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள். படங்கள் முக்கியம் என்றால் அந்த நிலையிலேயே தகவல் மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் 197 ஏறிக்கொண்டே போகிறது என்பது வேறு நிலை. அதில் இன்னும் அவகாசம் இருக்கிறது. டிஸ்க்கைச் சாதாரணமாகத் திறந்து கோப்பு கோப்பாக இழுக்காமல், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கருவியால் முழு டிஸ்க்கையும் நல்ல டிஸ்க் ஒன்றுக்குப் படியெடுங்கள். அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியாகத் திரும்பும். நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்புக் கோப்பைக் கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மீட்பு வேலை எதுவாக இருந்தாலும் அந்தப் படியில் மட்டும் செய்யுங்கள், மூல டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.